கிளம்புவதற்கு ஓர் ஆங்கில வாக்கியம்

காலை ஆறு ஐம்பது. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு ஜோடி வெள்ளைக் காலணி. அது காலில் இல்லை, கையில் இருந்தது.

பிரிஸ்கா வெறுங்காலோடு படியில் நின்றாள். இரவுப் பணி முடித்த பாதங்கள். காலுறையின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே வளையமாகப் பதிந்து கிடந்தது. தோளில் பை, காதில் வயர். ஒரு காதிலிருந்து அதைப் பிடுங்கி என் காதில் வைத்தாள்.

"இதக் கேளுடி ஜமி. ஆஸ்பத்திரிய விட்டு எறங்குனதுல இருந்து இதையேதான் கேட்டுக்கிட்டு வாரேன்."

வாசலில் நின்றபடியே கேட்டேன். ஏதோ ஓர் ஆங்கில ஊரின் நர்ஸ் ஒரு நோயாளியின் மகனிடம் மருந்து வேளைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தெளிவான குரல், அவசரமில்லாத குரல். கடைசியில், "ஸாரி, ஐ ஹாவ் டு டாஷ் ஆஃப்" என்றாள். தொடர்பு துண்டிக்கும் சத்தம் கேட்டது.

"அவசரமா போகணுங்கிறா," என்றேன்.

"அது எனக்கும் புரியுது. அதுக்கப்புறம் என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" காலணியை வாசலில் வைத்தாள். "போகணும்னு சொன்னா, போயிட்டாளா?"

அவள் முகத்தில் இருந்தது சந்தேகம் அல்ல. யாரோ தன் கண்முன்னே வரிசையில் முந்திக்கொண்டு போய்விட்டதைப் பார்த்த முகம்.

மூன்றாவது தடவை

பிரிஸ்காவுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் பாம்பன், நான் கீழக்கரை. ராமநாதபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியின் விடுதியில் அடுத்தடுத்த பாயில் படுத்தவர்கள். பிறகு அவள் நர்ஸிங் படிக்கப் போனாள். நான் மதுரையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் சேர்ந்தேன். இருபது வருடத்துக்கு மேல் இருவருமே ஊர் தூங்கும்போது விழித்திருக்கும் வேலை பார்த்தோம். நான் அதை விட்டுவிட்டு ராமநாதபுரத்துக்கே வந்து சேர்ந்தேன். அவள் அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் இன்னமும் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சிறிய நகரத்து மருத்துவமனை அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தது. நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்பது மூன்றிலும் தேறிவிட்டாள். பேசுவதில் இரண்டு முறை தவறிவிட்டது. மூன்றாவதும் போனால் இடம் வேறொருவருக்கு என்று முகவர் சொல்லிவிட்டார்.

அவளுக்கு வெளிநாட்டு மோகம் என்று பாம்பனில் பேச்சிருந்தது. எனக்குத் தெரிந்து அவள் விஷயம் வேறு. கணவர் ஆரோக்கியம் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். ஒருமுறை வலை இழுக்கும் கயிறு தோளைத் திருகியதில் வலது கை இடுப்புக்கு மேல் எழுவதில்லை. இப்போது கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்தித் தைக்கிறார். மகள் பிளஸ் டூ. இரவுப் பணி, பகல் தூக்கம், விடிகாலைப் பேருந்து என்று ஓடியதில், மூன்று பேரும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுந்த நாள் எதுவென்று அவர்களுக்கு ஞாபகம் இல்லை. அங்கே போய் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். அது ஒன்றுதான் அவளை இழுத்தது.

"தனியாக் கெடக்குறதுக்கு அம்புட்டுத் தூரம் எதுக்குடி? அத நான் இங்கனயே செஞ்சுக்கிட்டுதான இருக்கேன்," என்பாள்.

பேச்சுத் தேர்வு ஒரு நாடகம் மாதிரி. கையில் ஒரு கார்டு கொடுப்பார்கள். அவள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி அல்லது உறவினர். ஐந்து நிமிடம். ஆறுதல் சொல்லி, விளக்கி, சந்தேகம் தீர்த்து, நர்ஸ்தான் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இருபது வருடமாக உண்மையான நோயாளிகளிடம் பேசுகிறவளுக்கு முதல் நான்கு நிமிடத்தில் ஒரு குறையும் இல்லை. ஐந்தாவது நிமிடத்தில்தான் விழுந்தாள். அவளால் கிளம்ப முடியவில்லை. எல்லாம் பேசி முடித்த பிறகு, "சாப்பிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் சாப்பிட்டேன் என்றார். "என்ன சாப்பிட்டீர்கள்?" என்றாள். மணி அடித்துவிட்டது. இரண்டு முறையும் மணிதான் அவளை வெளியே அனுப்பியது.

எங்கள் பக்கம் கிளம்புவது

இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் கிளம்புவது என்பது ஒரு காரியம். அதற்கு நேரம் ஆகும்.

என் வாப்பா சவூதிக்குப் போகும்போது 'பயணம் சொல்ல' போவார். கீழக்கரையில் எல்லோரும் அப்படித்தான். உறவில் ஒரு வீடு விடாமல் ஏறி, நான் பயணம் போகிறேன், ஏதும் தவறாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், துஆ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ரோஸ்மில்க். கடைசி வீட்டுக்குப் போவதற்குள் வயிறு கல்லாகிவிடும். ஒருமுறை ஒரு மாமி வீட்டை விட்டுவிட்டார். அடுத்த விடுமுறையில் அவர் வந்து இறங்கியபோது மாமி, "போனதே தெரியல, வந்தது மட்டும் எதுக்குத் தெரியணும்?" என்று ஜன்னலைச் சாத்தினார்.

பாம்பனில் நேர்மாறு. கடலுக்குப் போகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது. கண்ணால் ஒரு பார்வை, கையில் சாப்பாட்டு வாளி, போய்விடுவார். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. மற்றபடி பக்கத்து வீட்டிலிருந்து தன் வீட்டுக்குத் திரும்புவதற்கே பிரிஸ்காவுக்குக் கால் மணி நேரம் வேண்டும். "வாரேன்" என்பாள். எழுந்திருப்பாள். வாசலில் ஒரு விஷயம் ஞாபகம் வரும். படியில் இன்னொன்று. செருப்பை மாட்டிக்கொண்டு மூன்றாவது. என் வீட்டிலிருந்து என்றால், அதற்குள் உச்சிப்புளி வழியாகப் பாம்பன் போகிற ஒரு பேருந்து தவறியிருக்கும்.

அவளுடைய தேர்வுக்கு வேண்டியது இலக்கணம் இல்லை, ஒரே ஒரு கதவு என்று எனக்குத் தோன்றியது. திறந்தால் அந்தப் பக்கம் போய்விடும்படியான கதவு. டாஷ் ஆஃப் அப்படிப்பட்டதாகத் தெரிந்தது.

செய்தி அறை ஆங்கிலம்

செய்தி அறையைப் பற்றி இந்தத் தொடரில் தேவைக்கு மேலேயே எழுதிவிட்டேன். இன்னும் ஒன்று மட்டும்.

ஏஜென்சிகளிலிருந்து வரும் ஆங்கிலச் செய்திகளில் மனிதர்கள் விதவிதமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். திருடன் ஒரு விதமாகப் போனான். மோதிய கார் இன்னொரு விதமாகப் போனது. அமைச்சர் கூட்டத்தின் பாதியில் வேறு விதமாகப் போனார். காதலர்களுக்கு ஒரு விதம், அதிகாரிகளுக்கு ஒரு விதம். எல்லாம் இரண்டு சிறிய சொற்களின் சேர்க்கை. எங்கள் மேசைக்கு வந்ததும் அத்தனை பேரும் 'தப்பியோட்டம்' ஆனார்கள். தலைப்பில் இடம் இல்லை என்பார் செய்தி ஆசிரியர். பேத்திக்குக் காய்ச்சல் என்று கல்யாண வீட்டிலிருந்து பாதியில் கிளம்பிய ஒரு பிரமுகரையும் அவர் ஓடவிட்டார். மறுநாள் பிரமுகரின் ஆட்கள் அலுவலகத்துக்கு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு கிளம்ப மறுத்தார்கள்.

ஆகவே டாஷ் ஆஃப் எனக்குப் பழக்கம்தான், ஆனால் கண்ணுக்கு. ஒருமுறைகூட அதை வாயால் சொன்னதில்லை. சொல்லிப் பார்க்க யாரும் எதிரில் இருந்ததில்லை. அகராதியில் 'விரைந்து செல்' என்று இருந்தது. அது போதவில்லை. ஒலிப்பதிவில் அந்த நர்ஸ் அதைச் சொன்ன விதத்தில் ஒரு சின்ன மன்னிப்பு இருந்தது. எனக்கு இருக்கத்தான் ஆசை, என்னை இழுக்கிறார்கள், நீ தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இவ்வளவும் அதற்குள் இருந்தது. எங்கே போகிறாய் என்று எதிரில் இருப்பவர் கேட்கக் கூடாது. நெருக்கமானவரிடம் சொல்லலாம், மேலதிகாரியிடம் சொல்ல முடியாது.

பிரிஸ்கா தேநீரில் பன்னை முக்கிக்கொண்டே கேட்டாள். "அப்ப, கோவிச்சுக்க மாட்டாகளா?"

"மாட்டாங்க."

"பின்னாடி பேச மாட்டாக?"

"மாட்டாங்க."

"நல்ல ஊருதான்," என்றாள்.

பூசையில் ஒரு நாள்

அடுத்த சில வாரங்களில் அவள் அந்த வாக்கியத்தை எல்லோர் மேலும் பரிசோதித்தாள். வார்டில் சுற்றுக்கு வந்த டாக்டரிடம் சொன்னாள். மீன்காரியிடம் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பாம்பனுக்குப் போயிருந்தபோது ஆரோக்கியம் முழு அறிக்கை கொடுத்தார். முற்றத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் வலையில் ஊசியை ஓட்டியபடி பேசினார். தெருவே கருவாட்டு வாடையில் ஊறிக் கிடந்தது.

"ஏத்தா ஜமீலா, ஒன் கூட்டாளி பண்ணுன காரியத்தக் கேட்டியா? போன ஞாயிறு பூசை. பாதர் பீடத்துல நிக்கிறாரு. இவ நைட்டு டூட்டி, தூக்கம் சொக்குது. எந்திரிச்சு வெளிய போறா. வாசல்ல உபதேசியார் நின்னு, எங்க போறன்னு கேட்டாரு. இவ, ஐ ஹாவ் டு டாஷ் ஆஃப்ங்கிறா."

"அவரு என்ன சொன்னாரு?"

"நல்லதும்மா, நீ எங்கிட்டாச்சும் போ, காணிக்கைத் தட்டு வந்ததுக்கப்புறம் போன்னாரு."

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த பிரிஸ்கா குரல் கொடுத்தாள். "நீங்க சும்மா இருங்க. நான் போனப்ப தட்டு வந்து போயிருச்சு."

"அப்பச் சரியாத்தான் கணக்குப் பண்ணிப் போயிருக்க."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சுவரில் சாய்ந்து அப்படியே கண்ணை மூடிவிட்டாள், கையில் பாதி கழுவிய மீனோடு. ஆரோக்கியம் எழுந்து போய் மீனை வாங்கிக் கழுவத் தொடங்கினார். ஒற்றைக் கையால் அதைச் செய்ய நேரமானது.

ஷீபா மேடம்

ஒரு நாள் காலை, என் வீட்டில், என் மடிக்கணினியில், ஒத்திகைத் தேர்வு. பயிற்சி கொடுத்தவர் கொச்சியிலிருந்து ஷீபா மேடம். தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். நல்ல நடிகை. நோயாளியாக வந்தால் நமக்கே அவர் உடம்பு பற்றிக் கவலை வரும்.

முதல் கார்டு, மூட்டுவலி. பிரிஸ்கா ஐந்தாவது நிமிடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, முகத்தைக் கொஞ்சம் சுருக்கி, அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள். ஷீபா மேடம் கைதட்டினார். வாக்கியம் சரி, சிரிப்பும் சரி, ஆனால் சீரியஸான விஷயத்தில் இதைச் சொல்லாதே, அது லேசான வார்த்தை என்று எச்சரித்தார்.

இரண்டாவது கார்டு. அப்பா சற்று முன் இறந்துவிட்டார். மகளிடம் சொல்ல வேண்டும்.

நான் கேமரா கண்ணில் படாமல் சமையலறைக் கதவோரம் நின்றேன். பிரிஸ்கா குரலைத் தாழ்த்தினாள். முதலில் மகளை உட்காரச் சொன்னாள். மெதுவாக, சுற்றி வளைக்காமல் சொன்னாள். திரையில் ஷீபா மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிரிஸ்கா அழவிட்டாள். வலி இல்லாமல் போனார் என்றாள். மகள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். அதைவிட நன்றாக யாரும் தமிழிலும் சொல்லியிருக்க முடியாது.

பிறகு அவள் எழுந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி கையை நீட்டி, மடிக்கணினியின் மூடியைச் சத்தமில்லாமல் மூடினாள்.

சில நொடிகளில் என் கைப்பேசி அடித்தது.

"எந்தா, கரண்ட் போயோ?" என்றார் ஷீபா மேடம்.

போனை பிரிஸ்காவிடம் கொடுத்தேன். கரண்ட் போகவில்லை என்றாள். பின்னே என்ன என்று கேட்டார். பிரிஸ்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"மேடம், எழவு வீட்டுல சொல்லிட்டா கெளம்புவாக?"

இந்த இதழின் வாசகர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. துக்க வீட்டில் உட்கார்ந்துவிட்டு யாரும் 'போய்விட்டு வருகிறேன்' என்று எழுவதில்லை. பேச்சு ஓய்ந்த ஓர் இடத்தில் எழுந்து, யார் கண்ணையும் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்துவிடுவோம். எங்கள் முஸ்லிம் வீடுகளில் மௌத்து வீட்டிலும் ஸலாம் சொல்லி எழுவார்கள். ஆனால் 'வாரேன்' என்ற சொல் யார் வாயிலும் வராது. அவள் இருபது வருடம் வார்டில் அப்படித்தான் செய்துவந்தாள். இறந்தவரின் பிள்ளையின் தோளைத் தொடுவாள், போய்விடுவாள். அதற்காக யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. சொல்லிக்கொண்டு போயிருந்தால்தான் குறை சொல்லியிருப்பார்கள்.

பிறகு ஷீபா மேடம் சொன்னார். "எங்க நாட்டிலும் அப்படித்தான் மோளே. பட் எக்ஸாமினர் கோட்டயத்துக்காரர் இல்லையல்லோ." அந்தக் கார்டுக்கென்று வேறொரு வாக்கியமும் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு வாக்கியங்கள்

அன்று அவள் பாம்பனுக்குப் போகவில்லை. தரையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். நான்தான் மகள். அழ வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லு," என்றேன்.

"ஐ ஹாவ் டு..." நிறுத்தினாள். "செத்த வீட்டுல ஓடுறேன்னு சொல்லச் சொல்லுறியா? மேடமே வேணாம்னுட்டாக."

"சரி, அவங்க கொடுத்ததையே சொல்லு. உங்களுக்குக் கொஞ்சம் தனிமை தரேன், சீக்கிரம் திரும்பி வரேன்னு."

"திரும்பி வாரேனா?" பிரிஸ்கா நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு, அடுத்த ஆளத் தூக்கவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"இது கார்டுடி. ஷீபா மேடத்தோட அப்பா கொச்சியில நல்லா இருக்காரு."

"தெரியும். கார்டுன்னு தெரியும். ஆனா அந்தம்மா அழுதப்ப எனக்கு அது எழவு வீடுதான்." உள்ளங்கையால் கண்ணைத் தேய்த்தாள். "வாயத் தொறந்து 'வாரேன்'னு சொன்னா, எங்க இருக்கேன்னே தெரியாதவ மாதிரி இருக்கு ஜமி."

மதியம்வரை முயன்றோம். அவள் அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள், சன்னலைப் பார்த்துச் சொன்னாள். நான் தலையைக் குனிந்தவுடன் சொல் நின்றுவிட்டது. அவளுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு வாக்கியத்துக்கும் என்ன பொருள், எதை எப்போது சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எத்தனை மதிப்பெண் போகும், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாலையில் ஒரு மாதிரியாக முடிவுக்கு வந்தோம். தேர்வில் அந்தக் கார்டு வந்தால் கண்ணை எதிராளியின் நெற்றியில் வைத்து, மனப்பாடப் பாட்டுப் போலச் சொல்லிவிடுவது. அவள் தலையாட்டினாள். ஓர் ஊசியைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தவளைப் போல ஆட்டினாள்.

மதுரை

தேர்வு மதுரையில். அவள் உள்ளே போனாள். நான் எதிரிலிருந்த ஜூஸ் கடையில் உட்கார்ந்து கதவையே பார்த்தேன். கடைக்காரர் இரண்டு முறை வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். இரண்டு முறையும் சாத்துக்குடி சொன்னேன்.

பிரிஸ்கா சாலையைத் தாண்டி வரும்போதே இரண்டு கையையும் விரித்தாள்.

"சாவே வரலடி."

ஒரு கார்டில் சர்க்கரை நோயாளியின் காலில் புண். இன்னொன்றில் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் பயப்படுகிற அம்மா. இரண்டிலும் ஐந்தாவது நிமிடம் அந்தக் கதவு திறந்துகொண்டது. அம்மாவிடம், "ஸாரி, ஐ ஹாவ் டு டாஷ் ஆஃப்" என்றபோது எதிரில் இருந்தவர், "ஆஃப் கோர்ஸ்" என்று சிரித்தாராம்.

"கோவிக்கவே இல்லடி," என்றாள். என் சாத்துக்குடியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

தேறிவிட்டாள். இடமும் அவளுக்கே இருந்தது. அவள் கிளம்பிய நாளைப் பற்றி எழுதப்போவதில்லை. எல்லா வீட்டிலும் அந்த நாள் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒரு மதிய அழைப்பு

அங்கேயும் இரவுப் பணி முடிந்து அவள் பேசுவது எனக்கு மதியச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். முதல் சில மாதங்கள் குளிரைப் பற்றிப் பேசினாள், உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினாள், ஆரோக்கியத்தின் தோளைப் பற்றி என்னிடம் விசாரித்தாள். தகுதிகாண் காலம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று மகள் சமையலறை நாட்காட்டியில் கோடு போடுவதாகச் சொன்னாள். வார்டில் எல்லோரும் அவளை விரும்பினார்கள். டாஷ் ஆஃப் அங்கே யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, அவள்தான் சொல்கிறாள் என்று கூடப் பணிபுரிகிறவர்கள் கேலி செய்தார்களாம்.

ஒரு நாள் அழைத்தாள்.

"ஜமி, விடிகாலையில ஒரு பெரியவரு போயிட்டாரு."

"ம்."

"நல்ல மனுசன். ஆட்டுப் பண்ணை வச்சிருந்தாராம். மக பக்கத்துல இருந்துச்சு. நம்ம வயசுதான். நான்தான் கண்ண மூடுனேன். வலி இல்லாமப் போனாருன்னு சொன்னேன். அது கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்."

"சரி."

"அந்நேரம் வார்டு கடைசியில இன்னொரு கட்டில்ல பெல்லு அடிக்குது. ஒருத்தருக்கு மூச்சு எளைக்குது. அந்தப் பக்கத்துக்கு நான் ஒருத்திதான். ஓடணும்."

"என்ன சொன்னே?"

"தோளத் தொட்டேன். வந்துட்டேன்."

நான் தட்டில் கையை வைத்தபடி இருந்தேன்.

"தெரியாமலா?" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே. "எல்லாம் தெரியும்டி. மேடம் சொன்னது தெரியும், நீ தரையில உக்காந்து படுத்துனது தெரியும். ஐ வில் பி பேக்னு நாக்கு நுனியில நிக்குது. நெத்தியப் பாருன்னு சொன்னியே, நெத்தியத்தான் பாத்தேன். அவுக அய்யா மொகத்த இன்னும் மூடல ஜமி. அங்கன நின்னுக்கிட்டுத் திரும்பி வாரேன்னு எப்படிச் சொல்லுறது?"

"அப்புறம் போனியா?"

"போனேன். அந்த ஆளுக்கு மாஸ்க்கு வச்சு, மூச்சு சீரானதுக்கப்புறம், டீ எடுத்துக்கிட்டுப் போனேன். அந்தப் புள்ள இல்ல. கெளம்பிருச்சு."

"யாருகிட்டயும் சொல்லிட்டுப் போகலையா?"

"தெரியல," என்றாள்.

மறுநாள் அந்த மகள் வார்டு பொறுப்பாளரிடம் பேசினாள். அப்பா இறந்ததும் நர்ஸ் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டார், நான் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்றாள். பொறுப்பாளர் பிரிஸ்காவை அழைத்தார். பிரிஸ்கா தங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினாள். அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார், நடுவில் குறுக்கிடவில்லை, கடைசியில் நன்றி சொன்னார் என்று என்னிடம் சொன்னாள்.

தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள்.